அருணாச்சலத்தின் ஒரு நிமிஷக் கால்

அருணாச்சலத்தைப் பற்றிச் சொல்வதென்றால் முழங்காலுக்குக் கீழிருந்துதான் தொடங்க வேண்டும். மேலே இருந்ததெல்லாம் சாதாரண சமாச்சாரம். முப்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, அந்தச் சந்து வழியாக வெளியே வர எந்நேரமும் தயாராக இருக்கும் ஒரு நக்கல். இடது கால்தான் விசேஷம். முழங்காலின் உள்பக்கத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் நீலமாக ஒரு கொடி வளைந்து நெளிந்து இறங்கும். வழியில் நாலைந்து இடங்களில் சுண்டைக்காய் அளவுக்கு முடிச்சு.

வேறு யாராக இருந்தாலும் அதை மூடி மறைப்பார்கள். இவர் டீக்கடை பெஞ்சில் வேட்டியை மடித்துக் கட்டி அந்தக் காலை முன்னால் நீட்டிக்கொண்டு உட்காருவார். இதுதான் மெட்ராஸ் போகிற ரயில் பாதை, முழங்கால் கும்மிடிப்பூண்டி, முடிச்செல்லாம் ஸ்டேஷன் என்பார். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று விரலால் தொட்டுக்கொண்டே இறங்குவார். டீ குடிக்க வந்தவர்கள் பாதி டம்ளரோடு எழுந்து போவார்கள். இவருக்கு அதில் ஓர் ஆனந்தம்.

நான் அப்போது, அதாவது எழுபத்து நாலில், கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்திருந்த ஓர் இரும்பு உருட்டாலையின் முதலுதவி அறையில் வேலை பார்த்தேன். பெயர் ஸம்பத்குமார், ஊர் திருவள்ளூர். அப்பா கோயில் மடைப்பள்ளியில் அடுப்பு முன்னால் நின்றே காலத்தைக் கழித்தவர். என் படிப்பு ஒரு முதலுதவிச் சான்றிதழும், ஒரு டாக்டரிடம் இரண்டு வருஷம் கட்டுப்போட்டுப் பழகிய அனுபவமும்தான். ஆனால் ஆலையில் எல்லாரும் கம்பவுண்டர் சார் என்று கூப்பிட்டார்கள். கூப்பிடுகிற வாயை நாம் ஏன் அடைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பட்டம்தான் பிறகு என்னைச் சுவரோரம் நிற்க வைத்தது.

ஆலை நின்ற இடம் அறுபதுகளில் நெல் வயல். அதில் தண்ணீர் கட்டியவர் அருணாச்சலம். பம்புசெட்டு வந்ததும் அதைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அறுவடை முடிந்தால் களத்தில் மரக்காலால் நெல் அளந்து போடுவதும் அவரே. பிறகு நிலம் கைமாறியது. நிலத்துக்காரர் மெட்ராசுக்குக் குடிபோனார். வேலை செய்தவர்களுக்கு ஆலையில் வேலை என்று சொன்னார்கள், சொன்னபடி கொடுக்கவும் செய்தார்கள், ஆனால் காண்ட்ராக்டில். தண்ணீர் கட்டின அதே இடத்தில் அருணாச்சலம் இப்போது இடுக்கியோடு நின்று, உருளைகளுக்கு நடுவிலிருந்து வருகிற சிவந்த கம்பியைப் பிடித்து வாங்கினார். எட்டு மணி நேரம், ஒரே இடம். இரண்டு வருஷத்தில் காலில் ரயில் பாதை போட்டாயிற்று.

அந்த வருஷம் சித்திரையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். காண்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள். அதற்கு டாக்டர் பரிசோதனை உண்டு. பரிசோதனையில் தேறாதவர்களுக்கு மாதக் கடைசியோடு காண்ட்ராக்ட் வேலையும் கிடையாது. டாக்டர் பூவராகவன் வியாழக்கிழமை தோறும் மெட்ராசிலிருந்து ரயிலில் வந்து, என் அறையில் உட்கார்ந்து, எட்டொன்பது பேரைப் பார்ப்பார். மூன்றாவது வியாழக்கிழமை ஒருவரைக் கால் நரம்புக்காகவே தள்ளிவிட்டார். அந்த ஆளின் கால் அருணாச்சலத்தின் காலுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

அன்று முதல் டீக்கடையில் ரயில் பாதை மூடப்பட்டது. அருணாச்சலம் வேட்டியை இறக்கிவிட்டு உட்கார ஆரம்பித்தார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

முதலில் வழி தேடியது அவர் மனைவி கங்கம்மா. எங்கள் திருவள்ளூர்க் கோயில் குளத்தில் அமாவாசையன்று வெல்லக்கட்டியைப் போட்டால், வெல்லம் கரைகிற மாதிரி உடம்பிலிருக்கும் மருவும் கட்டியும் கரையும் என்பது நம்பிக்கை. முடிச்சும் கட்டிதானே என்று கங்கம்மா முதல் நாளே புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். வெளியூர் ஜனங்களோடு கோயில் மண்டபத்தில் படுத்தார்கள். இடம் போதவில்லை. அருணாச்சலம் தலையைக் கீழே வைத்து, கால் இரண்டையும் மேல்படியிலிருந்த துணி மூட்டைமேல் போட்டுக்கொண்டு தூங்கினார். விடிந்து பார்த்தால் கொடியைக் காணோம். கால் வழவழவென்று இருக்கிறது. குளத்தில் வெல்லத்தைப் போடுவதற்கு முன்பே பெருமாள் அருள் செய்துவிட்டார் என்று கங்கம்மா அழுதேவிட்டாளாம்.

குளத்துக்குப் போய் வெல்லத்தைக் கரைத்துவிட்டு ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்காக நின்றார்கள். எல்லா ஸ்டேஷனும் திரும்பி வந்துவிட்டது. விரதத்தோடு வந்த மனுஷன் பிளாட்பாரத்தில் நாஷ்டா என்று இரண்டு வடையைத் தின்றதால்தான் என்று கங்கம்மா முடிவு கட்டினாள். அந்த வடையைப் பற்றி ஒரு வாரம் பேசினாள்.

வடையின் மேல் பழி விழுந்ததை அருணாச்சலத்தால் ஏற்க முடியவில்லை. என்னிடம் வந்து நடந்ததைச் சொல்லி, வடைக்கும் நரம்புக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். நான் கம்பவுண்டராயிற்றே, உட்கார வைத்து விளக்கினேன்.

ஏரித் தண்ணீர் உங்கள் வயலுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். மதகு, பெரிய வாய்க்கால், சின்ன வாய்க்கால், மடை, பாத்தி என்று விரல் மடக்கினார். உடம்பிலும் அதேதான் என்றேன். நாமெல்லாம் பொத்தாம்பொதுவாக நரம்பு என்கிறோமே, அதில் இரண்டு வகை ரத்தக் குழாய் உண்டு. இதயத்திலிருந்து ரத்தம் கொண்டு வருகிற வாய்க்கால் தமனி. அது கிளை பிரிந்து, கிளை பிரிந்து, கடைசியில் தலைமயிரைவிட மெல்லிய தந்துகிகளாகிவிடும். அதுதான் பாத்தி. அங்கே ரத்த அணுக்கள் ரேஷன் கடை வரிசை போல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். கொண்டு வந்த பிராணவாயுவையும் சத்தையும் தசைக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருக்கும் கழிவை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வெளியேறும். அப்புறம் சின்னச் சின்னக் குழாய்கள் சேர்ந்து சிரையாகி, ரத்தத்தைத் திரும்ப இதயத்துக்குக் கொண்டு போகும். உங்கள் காலில் தெரிவது சிரை, வடிகால் என்று முடித்தேன். எனக்கே என் விளக்கம் பிடித்திருந்தது.

அருணாச்சலம் கொஞ்ச நேரம் தன் காலைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“எல்லாம் கரீட்டு கம்பவுண்டர் சார். வடிகாலு எங்கனா மேடேறுமா?”

எந்தப் பரீட்சையிலும் என்னிடம் கேட்காத கேள்வி. கணுக்காலிலிருந்து மார்புக்கு மேல்நோக்கித்தான் போக வேண்டும். தந்துகியைத் தாண்டுவதற்குள் இதயம் கொடுத்த அழுத்தம் அநேகமாகத் தீர்ந்துபோயிருக்கும். அப்புறம் எது தள்ளுகிறது? அன்று சாயந்திரம் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு, மறுநாள் ஏதோ பிறந்ததிலிருந்தே தெரிந்தவன் மாதிரி சொன்னேன். கெண்டைக்கால் தசைதான் தள்ளுகிறது. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அது இறுகி, உள்ளே ஓடும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது. அனுப்பினது கீழே விழாமலிருக்க, சிரைக்குள் அங்கங்கே மேல்பக்கம் மட்டும் திறக்கிற சின்னக் கதவுகள் உண்டு. நடந்தால் பம்பு ஓடுகிறது. அசையாமல் நின்றால் பம்பு நின்றுவிடுகிறது, ரத்தத்தின் பாரம் முழுக்கக் கதவுகள்மேல் உட்காருகிறது, வருஷக்கணக்கில் உட்கார்ந்தால் கதவு சரியாக மூடாமல் போய்விடுகிறது.

கிணற்றுக்குள் பம்புக் குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்கும், ஏறின தண்ணீர் இறங்காமல் பிடித்துக்கொள்ள. ஃபுட் வால்வு என்று அதற்குப் பெயர். எங்கள் பக்கத்தில் புட்பாலு என்பார்கள். அருணாச்சலம் எத்தனையோ முறை கிணற்றில் முழுகி அதற்குத் தோல் மாற்றியவர்.

“அப்போ என் புட்பாலுல தோலு தேஞ்சிட்ச்சி” என்றார் அவர்.

ஆமாம் என்றேன். கோயிலில் காலை உயரத்தில் போட்டுத் தூங்கியதால், பம்பும் கதவும் தேவைப்படாமலே ரத்தம் தானாக இறங்கி வந்து சிரை வற்றிவிட்டது. சென்ட்ரலில் நின்றதும் கதவில்லாத குழாய்க்குள் மேலேயிருந்து ரத்தம் திரும்ப விழுந்துவிட்டது. இதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. படித்ததில் இன்னும் ஒரு வரி மிச்சமிருந்தது, அதையும் அள்ளி விட்டேன். சிரை வற்றியிருக்கும்போது தொடையில் ஒரு கட்டுப் போட்டுவிட்டு நின்றால், மேலேயிருந்து விழுகிற ரத்தம் கட்டிலேயே நின்றுவிடும். அப்போது தந்துகி வழியாகக் கீழிருந்து ஊறி வருகிற ரத்தத்தால்தான் சிரை நிரம்ப வேண்டும், அதற்கு நேரமாகும்.

“எம்மா நேரம் ஆவும்?” என்று அருணாச்சலம் கேட்டார். பல் சந்தில் சிரிப்புத் தெரிந்தது. பத்து நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. அதைப் பார்த்த சந்தோஷத்தில்தான் நான் கெட்டேன்.

முதலுதவி அறையிலேயே சோதித்தோம். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, பஞ்சு வந்த மரப்பெட்டியின்மேல் காலைத் தூக்கி வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் கொடி மறைந்தது. கட்டில்லாமல் நின்றால் என் கைக்கடிகாரத்தில் பத்து விநாடிக்குள் எல்லா ஸ்டேஷனும் வந்தது. தொடையில் ரப்பர் குழாயைக் கட்டிவிட்டு நின்றால் ஒரு நிமிஷத்துக்கு மேல் கால் வழவழப்பாகவே இருந்தது. அப்புறம்தான் கீழே எண்ணூர் மெல்ல எட்டிப் பார்த்தது.

ஒரு நிமிஷம் போதும் என்று கணக்குப் போட்டேன். டாக்டர் பூவராகவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளைக் காலிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு போவார். குனிகிற வேலையை முதலில் முடித்துவிட்டால் பிறகு நிம்மதி என்பது அவர் கொள்கை. நாலு வியாழக்கிழமையும் கவனித்திருந்தேன். ஆகவே திட்டம் இது: ஸ்ட்ரெச்சரில் வெயிலில் மயங்கி விழுந்த ஆள் ஒருவர் கம்பளி போர்த்திக்கொண்டு, காலைப் பெட்டிமேல் வைத்துப் படுத்திருப்பார். மயங்கினவர்களுக்குக் காலைத் தூக்கி வைப்பது நியாயமான முதலுதவிதான். அருணாச்சலம் என்று பெயர் கூப்பிட்டதும் மயங்கின ஆள் எழுந்து, பின்கதவு வழியாக வெளியேறி, கட்டடத்தைச் சுற்றி, முன்கதவு வழியாக அருணாச்சலமாக வந்து நிற்பார். இருபது அடி தூரம். டாக்டர் காலைப் பார்ப்பார், சரி என்பார், மேலே போவார். பிறகு கொடி வந்தாலும் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்?

வியாழக்கிழமை காலை எட்டுப் பேர் பட்டாபட்டி டிராயரோடு வராந்தாவில் நின்றார்கள். பட்டியலில் ஐந்தாவதான அருணாச்சலம் உள்ளே ஸ்ட்ரெச்சரில் கம்பளிக்குள் இருந்தார். தொடைக் கட்டை டிராயர் மறைத்தது. வாயிலுக்கு வெளியே கங்கம்மா பிரசாதப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எங்கள் திட்டம் தெரியாது. பெருமாளிடம் நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கொஞ்சம் கோணலாக நடந்து வந்தார். ரயிலில் பேசின் பிரிட்ஜ் முதல் நின்றுகொண்டே வந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். உள்ளே வந்ததும் ஸ்ட்ரெச்சரைப் பார்த்து விசாரித்தார். வெயில் மயக்கம் என்றேன். கால் பெட்டிமேல் இருப்பதைப் பார்த்து, பரவாயில்லையே, விஷயம் தெரிந்தவனாக இருக்கிறாய் என்று பாராட்டினார். அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாவது பெயரைக் கூப்பிட்டேன். கம்பளி அசைந்தது, பின்கதவு கிறீச்சிட்டது, முன்கதவில் அருணாச்சலம் வந்து நின்றார். இடது கால் குழந்தையின் கால் மாதிரி இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். டாக்டர் காலைப் பார்க்கக் குனியப் போனார், இடுப்பில் கை வைத்தார், நிமிர்ந்துவிட்டார். இன்றைக்கு மேலேயிருந்து பார்க்கலாம், குனிகிற வேலை கடைசியில் என்று சொல்லி நாக்கை நீட்டச் சொன்னார்.

நாக்கு, கண், பல் எல்லாம் சீக்கிரம் முடிந்தன. இன்னும் இருபது விநாடி கையிலிருந்தது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து, ஒன்று இரண்டு எண்ணு என்றார்.

நெல் களத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அளக்கிறவர் ஒன்று என்று சொல்லவே மாட்டார். முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம்தான் இரண்டு, மூன்று. அதுவும் அவசரமாகச் சொல்லக் கூடாது. மரக்காலை நிரப்பி, தலையைத் தடவி, குவியலில் கவிழ்க்கிற வரைக்கும் அந்த எண்ணை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து வருஷம் களத்தில் எண்ணிய வாய் அது. எண்ணு என்றதும் தானாகத் திறந்துகொண்டது.

“லா...பம். லா...பம். ரெ...ண்டு. ரெ...ண்டு.”

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்து, அது என்ன லாபம் என்று கேட்டார். அருணாச்சலத்துக்குச் சந்தேகம் கேட்டவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. விளக்கினார். டாக்டர் ரசித்தார். நல்லா இருக்கே, மறுபடி முதலிலிருந்து எண்ணு என்றார். நான் டாக்டருக்குப் பின்னால் நின்று, சீக்கிரம் சீக்கிரம் என்று கையை ஆட்டினேன். அருணாச்சலம் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, இன்னும் தெளிவாக, இன்னும் நிதானமாக எண்ணினார்.

வாசலில் அடுத்ததாக நின்றவன் பாக்கியநாதன், இருபத்திரண்டு வயது, அருணாச்சலத்தோடு இடுக்கி பிடிப்பவன். நல்ல பையன். உதவி செய்வதாக நினைத்துக் குசுகுசுவென்று சொன்னான்.

“அண்ணே, எண்ணூரு வந்துட்ச்சி. மீஞ்சூரும் வந்துக்கினு கீது.”

எண்ணூரிலிருந்து யார் வந்தது என்று டாக்டர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. பாக்கியநாதனின் பார்வை போன இடத்துக்கு அவர் பார்வையும் போயிற்று. இடுப்புப் பிடிப்பையெல்லாம் மறந்து குனிந்தார். கொடி கண் முன்னால் கீழிருந்து மேலே ஊறிக்கொண்டிருந்தது. டிராயரின் ஓரத்தைத் தூக்கினார். முதலுதவிப் பெட்டியிலிருந்து நான் எடுத்துக் கட்டிய ரப்பர் குழாய். பிறகு ஸ்ட்ரெச்சரைத் திரும்பிப் பார்த்தார். கம்பளியும் மரப்பெட்டியும்தான் இருந்தன.

மயங்கின ஆள் எங்கே என்று என்னைக் கேட்டார். தெளிந்துவிட்டார் என்றேன். வேறென்ன சொல்வது?

டாக்டர் கத்தியிருந்தால் தேவலை. மெல்லிய குரலில் பேசினார். “காலைத் தூக்கி வெச்சு ரத்தத்தை வடிச்சிருக்கே. தொடையில கட்டுப் போட்டு நிக்க வெச்சிருக்கே. இது நாங்க ஆஸ்பத்திரியில செய்யற டெஸ்ட்டுப்பா. பாதிதான் செஞ்சிருக்கே. மீதியை நான் செய்யறேன். நீ அந்தச் சுவரோரமா போய் அசையாம நில்லு. கட்டைவிரல்கூட ஆடக் கூடாது.”

நின்றேன். வராந்தாவிலிருந்த எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். கோபக்காரராக இருந்தாலும் வாத்தியார் குணம் போகவில்லை. கட்டை அவிழ்க்காமலே அருணாச்சலத்தைக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். பத்து முறை ஆனதும் கொடி சுருங்கத் தொடங்கியது. பார்த்தீர்களா, தசை பிழியப் பிழிய, மேலோட்டமான சிரையிலிருக்கும் ரத்தம் உள்ளே இருக்கும் சிரைக்குப் போகிறது, ஆகவே உள்ளே வழி நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மறுபடி காலைத் தூக்கி வற்ற வைத்து, நிற்க வைத்து, கட்டைச் சட்டென்று உருவினார். மேலேயிருந்து கீழே வரைக்கும் கொடி ஒரே மூச்சில் புடைத்தது. கதவு கெட்டிருப்பது மேலே தொடையில் என்றார் டாக்டர். எட்டுப் பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அருணாச்சலம் மட்டும் தரையைப் பார்த்தார்.

அவருடைய தாளை டாக்டர் தனியாக எடுத்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் சுவரோரம் நின்றேன். ஆறாவது ஆள் வரை ரோஷத்தில் நின்றேன். ஏழாவது ஆளின்போது பாதம் கனத்து, செருப்பின் வார் உள்ளே அழுந்தியது. எட்டாவது ஆள் நாக்கை நீட்டியபோது அந்த நாக்கு இரண்டாகத் தெரிந்தது. சட்டையெல்லாம் வேர்வை. அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

கண் திறந்தபோது அதே ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். அதே கம்பளி. என் கால் இரண்டும் அதே மரப்பெட்டியின்மேல். பாதத்தைப் பிடித்துக்கொண்டு அருணாச்சலம் நின்றார். பாக்கியநாதன் பயந்துபோய் ஏதோ கேட்டிருப்பான் போலிருக்கிறது, அவனுக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நின்னுக்கினே இருந்தா பம்பு ஓடாது. ரத்தமெல்லாம் கீழ தேங்கிடும், நெஞ்சுக்கும் மண்டைக்கும் பத்தாம பூடும். காலைத் தூக்கி வெச்சா தானா எறங்கி வந்துடும். நாலடி நடந்துகினு இருந்தாருன்னா வியுந்திருக்கவே மாட்டாரு.

டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கம் ஒரு பக்கம். என் வாய்ப்பேச்சால் ஒரு குடும்பம் மாதக் கடைசியில் தெருவுக்கு வரப் போகிறதே என்கிற பயம் இன்னொரு பக்கம். அந்தக் குழாயைக் கட்டாமல் இருந்திருந்தால் கால் மட்டும்தான் குற்றம். இப்போது ஏமாற்று வேலையும் சேர்ந்துகொண்டது.

டாக்டர் அந்தத் தாளைக் கையில் எடுத்தார். “அந்த வேலைக்கு இந்தக் கால் ஆகாது. இப்படியே நின்னா தோல் கறுத்து, புண் வரும். லேசுல ஆறாது. நான் பொய் எழுத மாட்டேன்.”

“பொய் எய்த வாணாம் சார்” என்றார் அருணாச்சலம். “நிக்கிற வேலைக்குத்தான இந்தக் காலு ஆவாது? நடக்குற வேலைக்கு இன்னா எய்துவீங்கோ?”

தாளில் இரண்டே வார்த்தைகள்தான் அச்சாகியிருந்தன: தகுதி உண்டு, தகுதி இல்லை. ஒன்றை அடிக்க வேண்டும். டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் பாதம் இன்னும் அருணாச்சலத்தின் கையில்தான் இருந்தது. பிறகு, இரண்டையும் அடிக்காமல் ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிற்கும் வேலை கூடாது, நடக்கும் வேலைக்குத் தகுதி உண்டு.

ஆபீசில் அந்த வரியை வைத்துக்கொண்டு மூன்று நாள் முழித்தார்கள். நடக்கிற வேலை என்று ஆலையில் எதுவும் இல்லை. கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஏரிக்கரை ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து ஆலைக்குத் தண்ணீர் வருகிற பைப் லைன், இரண்டு மைல் நீளம், வழியில் பதினோரு வால்வு. நாள் முழுக்க அதோடு நடந்து, நேரத்துக்கு நேரம் திறந்து மூடி, கசிவு பார்க்க வேண்டும். வெயில், முள், பாம்பு. அதுவரை ஒருவரும் அந்தப் பக்கம் போகச் சம்மதிக்கவில்லை. அருணாச்சலம் நிரந்தரமாகச் சேர்ந்தார். காலில் டாக்டர் சொன்னபடி இறுக்குத் துணி சுற்றிக்கொண்டு நடந்தார். ராத்திரியில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்தார். பொன்னேரியும் மீஞ்சூரும் அப்படியே இருந்தன, ஆனால் புதிதாக ஒரு ஸ்டேஷன்கூட வரவில்லை. டீக்கடையில் ரயில் பாதை மறுபடி திறந்தது. கங்கம்மா அடுத்த அமாவாசைக்குப் பெரிய வெல்லக்கட்டியாகக் கொண்டுபோய்க் குளத்தில் போட்டாள். டாக்டரின் இடுப்பைப் பிடித்தது பெருமாள்தான் என்பதில் அவளுக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

எனக்கு டாக்டர் வேறு தண்டனை கொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் உள்ளே வந்ததும், மயங்கின ஆள் யாராவது உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பார்.

ஐந்து வருஷம் போயிற்று. ஆலை வளர்ந்தது. கட்டுப்போட வருகிற கைகளும் கால்களும் பெருகின. காலை முதல் சாயந்திரம் வரை மேஜை முன்னால் நான் நின்றுகொண்டே இருந்தேன். எழுபத்தொன்பது ஆடியில் ஒரு நாள் சாயந்திரம், யாரும் இல்லாத நேரத்தில் பேண்ட்டைச் சுருட்டி இடது காலைப் பார்த்தேன். கெண்டைக்காலின் உள்பக்கம், நீலமாக, சின்னதாக ஒரு புடைப்பு. அப்பாவின் காலில் இதையேதான் பார்த்து வளர்ந்தேன். ஊருக்கெல்லாம் நடக்கச் சொன்னவன் நான், எனக்கு நானே ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. நிஜமாகவே பயந்துபோனேன்.

சுற்றுகிற துணி வாங்க அருணாச்சலம் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். நான் பேண்ட்டை இறக்குவதற்குள் பார்த்துவிட்டார். மெல்லக் குனிந்தார், களத்தில் குவியல் முன்னால் உட்காருகிறவரின் நிதானத்தோடு. விரலை நீட்டி அந்தப் புடைப்பைத் தொட்டார்.

“லா...பம்” என்றார். பிறகு நிமிர்ந்து, பல் சந்து தெரியச் சிரித்தார். “ரெண்டு வர்றதுக்குள்ள கெளம்பு சார். பதினோராவது வால்வு வரிக்கும் நடந்துட்டு வரலாம்.”